நடிகர் ஜெயித்த மறுநாள் காலை எங்கே இருந்தார்? பெங்களூர்த் தமிழர்களிடம் ஒரு கேள்வி

அல்சூர் ஏரிக்கரை | 1 நவம்பர் 2025, இரவு 9.40

இன்று காலை எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் ராஜ்யோத்சவக் (கர்நாடகம் உருவான நாள்) கொடியேற்றம். மஞ்சளும் சிவப்புமாகத் தோரணம், நடுவில் புவனேஸ்வரி படம், ஒரு பக்கம் கன்னட நடிகர் ராஜ்குமார், இன்னொரு பக்கம் நடிகர் ஷங்கர் நாக். ஸ்டாண்டில் பாதிப் பேர் நம்ம ஆட்கள். ஆம்பூர், திருப்பத்தூர், தர்மபுரி என்று வந்து இங்கேயே இரண்டு தலைமுறை ஆகிவிட்டவர்கள். கேசரிபாத் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு பேருக்குள் வாக்குவாதம். இளையவர் செல்போனில் விஜய் பேச்சை ஓட்டிக் காட்டி, "இந்தத் தடவை பாருண்ணே, எல்லாம் மாறும்" என்கிறார். பெரியவர், "நடிச்சுப் பிழைக்கிறவருக்கு எதுக்குப்பா இந்த வேலை" என்கிறார். இரண்டு பேருக்கும் வோட்டு இங்கேதான். தமிழ்நாட்டில் யார் நின்றாலும் இவர்கள் விரலில் மை வைக்கப்போவதில்லை. இருந்தும் அந்தப் பேச்சில் அத்தனை சூடு.

நான் நடுவில் போகவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அங்கேயே நின்றது. நடிகர் அரசியலுக்கு வரலாமா கூடாதா என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். வரலாம். 25 வயது நிரம்பி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் நிற்கலாம், சட்டம் தொழிலைக் கேட்பதில்லை. என் கேள்வி அதற்கு அப்புறம் வருவது. ஜெயித்த மறுநாள் காலை அவர் எங்கே இருந்தார்? தொகுதியில் அலுவலகம் திறந்தாரா, திறந்தால் அங்கே உட்கார்ந்தாரா, சபையில் எழுந்து என்ன கேட்டார்? கன்னட, தமிழ், தெலுங்கு நட்சத்திரங்கள் எல்லாரையும் பக்கத்திலிருந்து பார்க்கிற ஊர் இது. கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். ரசிகர் சண்டை வேண்டாம்.

சிவாஜிநகர் சந்து | 1 நவம்பர், இரவு 10.15

ஜெயித்தால்தானே சார் மறுநாள்? 2019-ல் நம்ம பெங்களூரு மத்தியத் தொகுதியில் பிரகாஷ் ராஜ் சுயேச்சையாக நின்றார். தமிழ்ப் படம் பார்க்கிற எல்லாருக்கும் பழகின முகம், ஊரும் இதே ஊர். 29 ஆயிரத்துக்கும் குறைவான வோட்டு, டெபாசிட் போனது. அவர் பேசியதில் எனக்கு நிறைய உடன்பாடு உண்டு, அதனால் வருத்தமாகத்தான் சொல்கிறேன். பூத்தில் காலை ஏழு மணியிலிருந்து சாயந்திரம் வரை பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார ஆள் வேண்டும். அந்த ஆட்களை முகம் கொண்டுவராது.

சாம்பியன் ரீஃப் | 1 நவம்பர், இரவு 11.05

நான் கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத் தொழிலாளி. எங்கள் லைன் வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். படம் மாட்டியிருக்கும். ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பும்போது அப்பா இரண்டையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் படி இறங்குவார். எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சியின் வேட்பாளராக நின்று பக்தவத்சலம் எங்கள் தொகுதியில் ஜெயித்து விதான சௌதாவுக்குப் போனார். கர்நாடக சட்டமன்றத்தில் அ.தி.மு.க. உறுப்பினர்! வெளியூர்க்காரர்களுக்கு இன்று சொன்னால் நம்பமாட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் எம்.ஜி.ஆரைக் காட்டி இன்றைய நட்சத்திரங்களை அளக்காதீர்கள். அவர் 1953-ல் தி.மு.க.வில் சேர்ந்தார். 1962-ல் மேலவை, 1967-ல் பரங்கிமலையில் எம்.எல்.ஏ., அப்புறம் கட்சிப் பொருளாளர். 1972-ல் தனிக்கட்சி, 1977-ல் முதல்வர். கணக்குப் போட்டால் 24 வருஷம். மாவட்டத்தில் யார் யாருக்கு ஆகாது, எந்த ஊரில் எது பிரச்சினை என்பதெல்லாம் பதவிக்கு வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. 1982-ல் சத்துணவுத் திட்டத்தை அவ்வளவு பெரிதாக ஆரம்பிக்க முடிந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் நம்பிக்கை.

இன்னொன்றும் சொல்கிறேன். 2001 பிப்ரவரியில் எங்கள் சுரங்கத்தை மூடினார்கள். அது மத்திய அரசு நிறுவனம். பேரைக் காட்டி ஜெயிக்கிற ஓர் எம்.எல்.ஏ.வால் அதற்கு எதிரில் என்ன செய்ய முடியும்? படத்தைக் கும்பிட்ட கை அப்போது வெறுங்கையாகத்தான் இருந்தது.

மத்தூர் மருமகள் | 2 நவம்பர், காலை 6.50

பிறந்தது கும்பகோணம், வாக்கப்பட்டது மண்டியா மாவட்டம் மத்தூர், குடியிருப்பது ராஜாஜிநகர். காவிரியின் இரண்டு முனையும் எனக்குச் சொந்தம். மண்டியாவை விட்டுவிட்டு இந்த இழை முழுமையாகாது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கன்னட நடிகர் அம்பரீஷ் அங்கே 1998, 1999, 2004 என்று மூன்று முறை எம்.பி. மன்மோகன் சிங் அரசில் தகவல் ஒலிபரப்புத் துறை இணையமைச்சராகவும் ஆனார். 2007 பிப்ரவரி 5-ம் தேதி காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது. அதை எதிர்த்து அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். மாமனார் டிவி முன்னால் எழுந்து நின்று கைதட்டினார். அதே நேரம் போனில் என் அப்பா, "எங்களுக்கு இன்னும் தண்ணி வரலைம்மா" என்கிறார். நான் சமையலறையில் நின்று அழுதேன். எம்.பி. என்கிற முறையில் அவருக்கு அது சரியான முடிவா என்று இன்றுவரை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊருக்காகப் பதவியை உதற முன்வந்தார், மதிக்கிறேன். ஆனால் ஊருக்காகப் பேச இருந்த நாற்காலியும் அதுதான். திரையில் ராஜினாமா கடைசிக் காட்சி. ஆட்சியில் அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் யார் பேசுவது என்ற கேள்வி வருகிறது.

அப்புறம் 2019. அவர் இறந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. அவர் மனைவி, நடிகை சுமலதா சுயேச்சையாக நின்றார். எதிரில் நிகில், அவரும் நடிகர், அப்போதைய முதல்வரின் மகன், முன்னாள் பிரதமரின் பேரன். கணவர் போன சூட்டோடு தேர்தலா என்று ஓர் அமைச்சரே மேடையில் பேசினார். ஆண் நடிகர் வந்தால் "அனுபவம் இருக்கிறதா" என்று மட்டும் கேட்பார்கள். நடிகை வந்தால் அவள் தாலி, அவள் உடுப்பு, அவள் பழைய படம் எல்லாம் பேச்சுக்கு வரும். நடிகை ரம்யா 2013 இடைத்தேர்தலில் இதே மண்டியாவில் ஜெயித்தபோதும், மறு வருஷம் சுமார் ஐந்தரை ஆயிரம் வோட்டில் தோற்றபோதும் அதே பேச்சுதான். இந்தத் தராசை முதலில் சரி செய்யுங்கள் என்பது என் கோரிக்கை.

வாக்கு இயந்திரத்தில் சுமலதா என்ற பேரில் மொத்தம் நாலு பேர். குழப்புவதற்கென்றே நிறுத்தியது என்று ஊரே பேசியது. என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாக்குப்பதிவுக்கு முதல் நாள் ராத்திரி சமையலறைச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கொம்பு ஊதுகிற விவசாயி சின்னத்தை வரைந்து காட்டினேன். அவர் விரலால் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். "கொம்பு வாய்கிட்ட இருக்கணும், அதானே?" என்று மூன்று தடவை கேட்டார். நடிகர்கள் யஷ், தர்ஷன் இருவரும் ஜோடி எருது மாதிரி ஊர் ஊராக இழுத்தார்கள். ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஏரிக்கரை அண்ணா கேட்ட மறுநாள் காலைக்கு வருகிறேன். சுயேச்சையாக ஜெயித்தவர் நடுவில் ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி போய்விடும். ஆகவே ஐந்து வருஷமும் தனி ஆள். 2021-ல் காவிரியின் கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜசாகர்) அணைக்குப் பக்கத்துச் சட்டவிரோதக் கல்குவாரிகளைப் பற்றி அவர் பிடிவாதமாகப் பேசினார், அது எனக்குப் பிடித்தது. ஆனால் பின்னால் கட்சி இல்லாத ஒருவர் எவ்வளவு தூரம் தள்ள முடியும்? 2024-ல் கூட்டணிக் கணக்கில் தொகுதி வேறு கட்சிக்குப் போனது, அவர் நிற்கவே இல்லை. மாமியார் இப்போதும் கேட்கிறார்: "அந்தக் கொம்பு எங்கே?"

அல்சூர் ஏரிக்கரை | 2 நவம்பர், காலை 8.30

அக்கா, நன்றி. இரண்டு தடவை படித்தேன்.

நீங்கள் கடைசியில் தொட்டதுதான் எனக்கு முக்கியம். நம்ம முறையில் முதல்வரையோ பிரதமரையோ மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. சபையில் பெரும்பான்மை யாரிடமோ அவர்தான். சுவரொட்டியில் ஒரே முகம் இருந்தாலும், ஆட்சி அந்த முகத்தின் பின்னால் நிற்கிற நூறு இருநூறு எம்.எல்.ஏ.க்களின் கையில்.

ஆந்திராவின் நடிகர் என்.டி.ஆரைப் பாருங்கள். 1982 மார்ச்சில் கட்சி, 1983 ஜனவரியில் முதல்வர். அப்படி ஓர் அலை. 1984 ஆகஸ்டில் அவர் இதய அறுவை சிகிச்சை முடிந்து அமெரிக்காவிலிருந்து திரும்பியிருந்த நேரம், கவர்னர் அவரை நீக்கிவிட்டு அவர் கட்சியிலிருந்தே பிரிந்த பாஸ்கர ராவை உட்காரவைத்தார். பெரும்பான்மை என்னிடம்தான் என்று காட்ட எம்.எல்.ஏ.க்களைக் கட்டிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அவர்களை நம்ம கர்நாடகத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள், அப்போது இங்கே ராமகிருஷ்ண ஹெக்டே முதல்வர். ஒரு மாதத்தில் என்.டி.ஆர். திரும்பி வந்தார். அதே மனிதர் 1994-ல் மறுபடியும் பெரிய அளவில் ஜெயித்தார். மறு வருஷமே, 1995 ஆகஸ்டில், மருமகன் சந்திரபாபு நாயுடு பக்கம் எம்.எல்.ஏ.க்கள் போய்விட்டார்கள், பதவியும் போனது. மக்கள் அவரை வெறுத்துவிடவில்லை. சபையில் எண்ணிக்கை மாறியது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலும் பார்த்தோம். எம்.ஜி.ஆர். இறந்த பிறகு ஜானகி அம்மாள் 1988 ஜனவரியில் 24 நாள் முதல்வர். கட்சி இரண்டாகப் பிளந்தது, ஆட்சி கலைந்தது. ஒரு மனிதரின் பிரியத்தின் மேல் மட்டும் கட்டினால் அவருக்குப் பின் சுவர் நிற்பதில்லை. புதிதாகக் கட்சி ஆரம்பிக்கிற எந்த நட்சத்திரத்திடமும் நான் முதலில் பார்ப்பது, இரண்டாவது மூன்றாவது வரிசையில் யார் நிற்கிறார்கள் என்பதை.

ஒயிட்ஃபீல்டு மாடி | 2 நவம்பர், காலை 10.10

ஒரே நாற்காலியில் இரண்டு நட்சத்திரங்களை ஒப்பிட ஓர் இடம் இருக்கிறது: பஞ்சாபின் குர்தாஸ்பூர். வினோத் கன்னா அங்கே 1998, 1999, 2004, 2014 என்று நாலு முறை ஜெயித்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட கிராமங்களுக்குப் பாலம் கொண்டுவந்தவர் என்று அவர் பெயரை அங்கே சொல்கிறார்கள். 2019-ல் அதே தொகுதியில் சன்னி தியோல். மறு வருஷம் பதான்கோட் சுவர்களில் "எம்.பி.யைக் காணவில்லை" என்று சுவரொட்டி. அவருடைய மக்களவை வருகை மிகக் குறைந்தவற்றில் ஒன்று. 2024-ல் அவர் நிற்கவில்லை. தொழிலும் அதே, கட்சியும் அதே, மண்ணும் அதே.

நியமனம் என்பது வேறு கதை. மாநிலங்களவையில் கலை, இலக்கியம், அறிவியல், சமூக சேவை என்று 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம். 1952-ல் முதன்முதலில் நியமிக்கப்பட்டவர்களிலேயே இந்தி நடிகர் பிருத்விராஜ் கபூர் இருந்தார். 2012 முதல் 2018 வரை சச்சினும் ரேகாவும் இருந்தபோது இவர்கள் வருவதே இல்லையே என்று சபைக்குள்ளேயே கேள்வி எழுந்தது. சச்சின் சம்பளப் பணம் முழுவதையும் பிரதமர் நிவாரண நிதிக்குக் கொடுத்தார். நல்ல மனசு. ஆனால் நம் தேவை அவருடைய பணம் இல்லை. விளையாட்டு மைதானம் இல்லாத பள்ளிகளைப் பற்றி அவர் எழுந்து பேசியிருந்தால் நாடே நின்று கேட்டிருக்கும்.

மர்ஃபி டவுன் பென்ஷனர் | 2 நவம்பர், மதியம் 12.20

நடிகர்களை மட்டும் ஏன் பேசுகிறீர்கள்? நம்ம ஊரிலேயே காக்கிச்சட்டை நட்சத்திரம் ஒருவர் இருந்தாரே. மிசோரத்துக்காரர் எச்.டி. சாங்லியானா. காவல் அதிகாரியாக இருந்தபோதே அவர் பேரில் ஷங்கர் நாக் நடித்துப் படம் வந்தது, அவ்வளவு பேர். 2004-ல் பா.ஜ.க. வேட்பாளராக பெங்களூரு வடக்கில் நின்று, அங்கே வருஷக்கணக்காக ஜெயித்துவந்த ஜாஃபர் ஷெரீஃபைத் தோற்கடித்தார். எங்கள் தெருவில் டீக்கடைக்காரர் அன்று எல்லாருக்கும் இலவசமாக டீ கொடுத்தார்.

2008 ஜூலையில் அணுசக்தி ஒப்பந்த விவகாரத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. கட்சிக் கொறடா எதிர்த்து வாக்களிக்கச் சொன்னார். இவர் அரசுக்கு ஆதரவாகப் போட்டார். கட்சி வெளியேற்றியது. 2009-ல் காங்கிரஸ் சார்பில் நம்ம மத்தியத் தொகுதியில் நின்று தோற்றார். அவர் போட்ட வோட்டு சரியா தவறா என்பதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. நான் சொல்ல வருவது வேறு. திரையில் நாயகன் மனசாட்சிப்படி நடப்பார், எல்லாரும் விசில் அடிப்போம். சபையில் 1985-லிருந்து கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். தனி மனிதரின் துணிச்சலை நம்பி வோட்டுப் போடுகிறோம், உள்ளே போனதும் அவர் கையை உயர்த்துவதா வேண்டாமா என்பதைக் கட்சி சொல்கிறது. இதை ரசிகர்களுக்கு யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

எலக்ட்ரானிக் சிட்டி ஷட்டில் | 2 நவம்பர், மதியம் 2.45

வணக்கம். எனக்கு 23 வயது. அந்த ஆட்டோ ஸ்டாண்டில் போனைக் காட்டிய தம்பி மாதிரிதான் நானும். ஊர் அரவக்குறிச்சி பக்கம், வோட்டும் அங்கேதான். எல்லாரும் நாங்கள் மயக்கத்தில் இருப்பதாக நினைக்கிறீர்கள். எங்கள் ஊரில் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் கட்சியில் இடம். எங்கள் அப்பா கூலி. எங்களுக்கு எந்தக் கதவும் திறந்ததில்லை. புதிதாக ஒருவர் வந்து "வாங்க" என்று கூப்பிட்டால் போகத்தானே தோன்றும்?

செப்டம்பர் 27 ராத்திரி கரூரில் விஜய் கூட்டத்து நெரிசலில் 41 பேர் போனார்கள். என் கூடப் படித்த பையன் அந்தக் கூட்டத்தில் இருந்தான், செருப்பு ஒன்றும் இல்லாமல் நடந்தே வீட்டுக்கு வந்தான். அவன் அதற்குப் பிறகு சரியாகப் பேசுவதில்லை. யார் தவறு என்பதை விசாரணை சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது, இனிமேல் கூட்டத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வராது. சரி, பெரியவர்களே, ஒன்று கேட்கிறேன். நாங்கள் என்ன செய்தால் எங்கள் ஆசை வீணாகாது?

லிங்கராஜபுரம் அக்கா | 2 நவம்பர், மாலை 5.30

தம்பி, உன் நண்பனை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போ. அது முதல் வேலை.

உன் கேள்விக்கு என் வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன். என் மாமியாருக்குச் சந்தியா சுரக்ஷா முதியோர் பென்ஷன், மாதம் 1,200 ரூபாய். ஏழு மாதத்துக்கு முன்னால் நின்றுபோனது. ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் ஒரு எழுத்து. அவ்வளவுதான் கோளாறு. அலுவலகத்துக்கு ஐந்து தடவை போய்விட்டேன். முன்பெல்லாம் எங்கள் வார்டு கவுன்சிலர் காலையில் பால் வாங்கிக்கொண்டு போவார், அங்கேயே மறித்துச் சொல்வோம், அவர் போன் போடுவார். மாநகராட்சிக் கவுன்சிலின் காலம் 2020 செப்டம்பரோடு முடிந்தது. ஐந்து வருஷமாகத் தேர்தல் இல்லை. இப்போது ஊரை ஐந்து மாநகராட்சியாகப் பிரித்தாகிவிட்டது, ஆனால் என் தெருவுக்கு இன்னும் ஆள் இல்லை.

வார்டு கவுன்சிலராகிறேன் என்று வந்த பெரிய நடிகர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எல்லாரும் மேலேயிருந்துதான் ஆரம்பிக்க ஆசைப்படுகிறார்கள். சாக்கடையும் பென்ஷனும் கீழேதான் இருக்கிறது. உங்கள் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் வரும்போது நீ வார்டு உறுப்பினராக நில் தம்பி. உன்னை நம்பிப் பத்துப் பேர் வருவார்கள். அவர்களில் ஒருவருக்காவது பென்ஷன் வாங்கிக் கொடு. உன் தலைவர் உன்னைப் போன்றவர்களை அப்படி நிறுத்துகிறாரா என்று பார்.

ஸ்ரீராம்புரம் பழசு | 2 நவம்பர், இரவு 8.00

பதவியே வேண்டாம் என்று இருந்தவரையும் ஒரு வரி சொல்ல வேண்டும். ராஜ்குமார் கடைசிவரை தேர்தலில் நிற்கவில்லை. பள்ளிகளில் கன்னடத்துக்கு முதலிடம் கேட்ட கோகாக் அறிக்கைக்காக அவர் தெருவில் இறங்கியபோது அரசே அசைந்தது. 2000 ஜூலை 30-ல் வீரப்பன் அவரைக் கடத்திக்கொண்டு போன 108 நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பஸ்ஸில் அப்பா தமிழ்ப் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்வார். எங்களிடம் "வெளியே கன்னடத்தில் பேசு" என்பார். நவம்பரில் அவர் வீடு திரும்பிய செய்தி வந்ததும், கதவைத் திறந்து தெருவில் நின்று எதிர்வீட்டுக் கன்னடக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எந்தப் பதவியும் இல்லாத ஒரு மனிதர் பத்திரமாக இருக்கிறாரா என்பதில் எங்கள் தெருவின் நிம்மதி தொங்கியது. நட்சத்திரத்தின் பலம் அவ்வளவு பெரியது. அதனால்தான் அதைப் பதவியோடு சேர்க்கும்போது பயமாக இருக்கிறது.

அல்சூர் ஏரிக்கரை | 3 நவம்பர், இரவு 9.15

எல்லாவற்றையும் படித்தேன். ஷட்டில் தம்பி, லிங்கராஜபுரம் அக்கா சொன்னதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

நேற்று ராத்திரி என் மகள் மக்களவை இணையதளத்தைத் திறந்து காட்டினாள். உறுப்பினர் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அவர் கேட்ட கேள்விகள் தேதிவாரியாக வருகின்றன. நட்சத்திரக் குறி போட்டவை சபையில் வாய்மொழியாகப் பதில் கிடைக்கிறவை, ஒரு நாளைக்கு 20-தான். குறி இல்லாதவை எழுத்தில் பதில் வருகிறவை. அமைச்சரின் பதிலும் பக்கத்திலேயே இருக்கிறது. இத்தனை வருஷம் இதைப் பார்க்காமல் இருந்தேனே என்று வருத்தப்பட்டேன். நம் தொகுதி எம்.பி. கேட்டதில் நாலு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு இன்று காலை ஸ்டாண்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை வாக்குவாதம் செய்த இரண்டு பேரும் இருந்தார்கள். இளையவர் வண்டி சீட் மேல் தாளை விரித்து வைத்து விரலை ஓட்டிக்கொண்டே படித்தார், புரியாத இடத்தில் நான் தமிழில் சொன்னேன். பெரியவர் கண்ணாடி இல்லாததால் காதால் கேட்டார். அரை மணி நேரம் சவாரி ஒன்றும் ஏற்றவில்லை. "இதில் நம்ம தெரு வருதாண்ணே?" என்று கேட்டார் இளையவர். வரவில்லை. "அடுத்த தடவை இவர் வோட்டுக் கேட்டு வரும்போது இந்தத் தாளைக் காட்டிக் கேட்கலாமா?" என்றார். தாராளமாகக் கேட்கலாம் என்றேன். மடித்து மீட்டர் பெட்டிக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

அக்கா, மாமியாரின் பென்ஷன் விண்ணப்ப எண்ணை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. நானும் உங்களோடு அந்த அலுவலகத்துக்கு வருகிறேன். ஆதாரும் பாஸ்புக்கும் அசல், நகல் இரண்டு இரண்டு எடுத்து வையுங்கள்.